பதினைந்து கிலோபைட் துண்டுகள்: கேம்பல் பேயில் மின்னஞ்சல் வழியாக இணையப் பக்கங்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில், கடலடி கேபிள் வருவதற்கு முன்பு, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் வைக்க நான் கட்டிய ஒரு பெட்டியின் கதை இது. இணையத்தில் ஒரு பக்கம் வேண்டுமென்றால் அதன் முகவரியை மின்னஞ்சலில் எழுதி அனுப்ப வேண்டும். வெளியே இருக்கும் சர்வர் அந்தப் பக்கத்தைத் திறந்து, படம், விளம்பரம், நிரல் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, எழுத்தை மட்டும் பதில் மெயிலாக அனுப்பும். 2018 நடுவில் ஆரம்பித்த வேலை. ஆண்டு முடியும் தறுவாயில்தான் நம்பி மற்றவர்களுக்குக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. இப்போது இதே பெட்டியை இன்னொரு தீவுக்காகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

அன்றைய நிலைமை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கேம்பல் பே டவரில் எங்களுக்குக் கிடைத்தது 2ஜி. டவரிலிருந்து வெளியுலகத்துக்குப் போவது செயற்கைக்கோள் வழியாக. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகக் கேள்வி போய்ப் பதில் திரும்பவே சுமார் அரை நொடி ஆகும். அதோடு 2ஜியின் தரவு வசதியான ஜிபிஆர்எஸ்ஸின் தாமதமும் சேர, ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் வர ஒன்றரை நொடி, சில நேரம் மூன்று நொடி. சாதாரண இணையப் பக்கம் ஒன்று இன்று 2 எம்பியைத் தாண்டுகிறது, அதற்குள் எத்தனையோ தனித்தனிக் கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நொடி என்றால் பக்கம் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். அறுந்தால் முதலிலிருந்து.

வேகம் குறைவு என்பதை ஊரில் யாரும் பெரிய குறையாகச் சொன்னதில்லை. போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜய புரம்) கப்பலேறினால் ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று நின்று நின்று போகிற ஊர் இது. மெயின்லேண்டிலிருந்து பார்சல் வர வாரக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர்கள். பாதி வந்தது வீணாகிப் போவதுதான் எல்லோரையும் சலிக்க வைத்தது. அதனால் நான் கட்ட வேண்டியது வேகமான ஒன்றல்ல. வந்த வரைக்கும் வந்தது வந்ததாகவே நிற்கிற ஒன்று. இது எனக்கு முழுதாகப் புரிந்தது பாதி வேலை முடிந்த பிறகுதான். அதனால்தான் கீழே சில இடங்களில் சுற்றிப் போன பாதையும் வருகிறது.

யோசனை புதிதல்ல. தொண்ணூறுகளில் செர்ன் ஆய்வகத்தில் ஆர்தர் சீக்ரெட் எழுதிய அகோரா என்ற மென்பொருள் இதைத்தான் செய்தது. பிறகு இத்தாலியின் ட்ரியெஸ்தேயில், அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய கோட்பாட்டு இயற்பியல் மையத்தில், கிளமென்ட் ஒனிமேயும் என்ரிக்கே கனெசாவும் டபிள்யூடபிள்யூடபிள்யூ4மெயில் என்ற சேவையை உருவாக்கி நடத்தினார்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மெயில் மட்டுமே எட்டிய விஞ்ஞானிகளுக்காக. சாட்டலைஃப் அமைப்பின் கெட்வெப் அதேபோல மருத்துவர்களுக்காக. எம்ஐடியில் டெக் என்ற பெயரில், தேடலையே மெயிலில் செய்து தரும் கருவி ஒன்று எழுதினார்கள். பழைய முகவரிகள் சிலவற்றுக்கு எழுதிப் பார்த்தேன். எல்லாம் திரும்பி வந்தன. பாய்மரப் படகுக்காரர்களுக்கான செயில்டாக்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது. வானிலைக்கு அது அருமையான சேவை. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டதில் பாதி, ஸ்கேன் செய்த சுற்றறிக்கைகளும் தமிழ்ப் பக்கங்களும். ஆக, சொந்தமாகக் கட்டுவதே வழி.

சர்வர் பக்கம் முதலில். மாதம் 3.50 டாலர், அன்றைக்குச் சுமார் 250 ரூபாய் வாடகை, 512 எம்பி நினைவகம், டெபியன் லினக்ஸ். மெயில் சர்வரையும் நானே அமைக்க நினைத்தேன். மூன்றாவது நாளே விட்டுவிட்டேன். வாடகை சர்வரிலிருந்து நேரடியாக மெயில் அனுப்ப 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். திறந்து வாங்கினாலும் பல இடங்களில் குப்பைக் கோப்பில்தான் விழும். சாதாரண மெயில் கணக்கு ஒன்றைத் தொடங்கி, பைத்தான் நிரல் ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மெயில் படிக்கும் ஐமேப் முறை வழியாக அதைத் திறந்து பார்க்கும்படி வைத்தேன். அழகான ஏற்பாடு இல்லை, ஆனால் இன்றுவரை அதைத் தொட வேண்டி வரவில்லை. இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் உறுதியான ஆலோசனை, மெயில் சர்வர் நடத்துவதில் நேரத்தைப் போடாதீர்கள்.

பக்கத்தை எழுத்தாக்க முதலில், எழுத்தை மட்டும் காட்டும் லின்க்ஸ் உலாவியின் டம்ப் வசதி. ஒரே வரி கட்டளை. இணைப்புகளுக்கு எண் கொடுத்துக் கடைசியில் பட்டியலிட்டுத் தரும். "7" என்று மட்டும் பதில் எழுதினால் ஏழாவது இணைப்பைத் திறக்கும்படி செய்தேன். ஆனால் செய்தித் தளங்களில் மேலும் கீழும் மெனு மட்டுமே நூறு வரி. ரீடபிலிட்டி நூலகத்தைப் போட்டு முக்கியப் பகுதியை மட்டும் எடுத்ததும் 40 கேபி வந்த பக்கம் 9 கேபி ஆனது. அட்டவணைகளை மட்டும் ரீடபிலிட்டி தூக்கி எறிந்துவிடும். அதனால் எங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் தளங்களின் பட்டியல் ஒன்று வைத்து, அவற்றுக்கு லின்க்ஸ், மற்றவற்றுக்கு ரீடபிலிட்டி என்று பிரித்தேன்.

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் திறக்காத பக்கங்கள் வெறும் தலைப்போடு வந்தன. திரையில்லாமல் ஓடும் குரோமியம் உலாவியை ஓட்டிப் பார்த்தேன். 512 எம்பியில் அது மூச்சுத் திணறி, கூடவே மெயில் நிரலையும் இயங்குதளத்தின் கர்னல் கொன்றுவிட்டது. 1 ஜிபி வட்டு இடத்தை நினைவகம்போல (ஸ்வாப்) கொடுத்தபின் ஓடியது, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். பரவாயில்லை. தீவில் காத்திருப்பவர் போனைப் பையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். மெயிலின் பெரிய நன்மை இதுதான். சர்வர் எவ்வளவு தாமதமாகச் செய்தாலும், காத்திருக்கும் இணைப்பு என்று ஒன்று இல்லை.

இனி, நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். ஆங்கிலப் பக்கங்கள் சொன்ன அளவில் வந்தன. தமிழ்ப் பக்கங்கள் மட்டும் மூன்று மடங்கு வீங்கி வந்தன. மூல மெயிலைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். மெயிலில் எழுத்தைப் பொதியும் "கோட்டட் பிரிண்டபிள்" முறையில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். 3 பைட் 9 ஆகிவிடும். 3,000 குறிகள் கொண்ட ஒரு கட்டுரை 9 கேபி; மெயிலில் 27 கேபி. பேஸ்64 என்ற இன்னொரு முறைக்கு மாற்றியதும் 12 கேபி. ஜிஸிப்பில் சுருக்கி, அதன்பின் பேஸ்64இல் அனுப்பியபோது சுமார் 4 கேபி. தமிழ் நன்றாகச் சுருங்கும், ஏனென்றால் ஒவ்வொரு குறியின் முதல் பைட்டும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டே வகை. 27இலிருந்து 4! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் போனில் இருக்கும் மெயில் செயலி ஜிஸிப் இணைப்பைத் திறந்து காட்டாது. ஆசிரியர் அறையில் எல்லோர் போனிலும் அதற்கென்று தனிச் செயலி போடச் சொல்வது நடக்காது. ஊருக்குள் ஒரு பெட்டி வைப்பது என்று முடிவானது இப்படித்தான். வெளியிலிருந்து சுருங்கி வரும் மெயிலைப் பெட்டி வாங்கி, விரித்து, தன் வைஃபை வழியாகப் போன்களுக்குச் சாதாரண மெயிலாகக் கொடுக்கும்.

பெட்டிக்கு ராஸ்பெரி பை 3பி+ என்ற சின்னக் கணினி. மோடத்துக்கு 380 ரூபாயில் கிடைத்த சிம்800எல். கட்டைவிரல் அகலப் பலகை, 2ஜி மட்டும். பையின் 5 வோல்ட் முனையிலிருந்து ஒரு டையோடு வழியாக மின்சாரம் கொடுத்தால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். அப்படியே செய்தேன். பலகையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. நெட்வொர்க் தேடும்போது நொடிக்கு ஒருமுறை மின்னும், பிடித்துவிட்டால் மூன்று நொடிக்கு ஒருமுறை. மூன்று நொடிக்கு வரும். தரவு அனுப்ப ஆரம்பித்ததும் மறுபடி ஒரு நொடிக்கே போய்விடும். சிம்மையும் டவரையும் நிறையச் சந்தேகப்பட்டேன். விஷயம் மின்சாரம்தான். அந்தப் பலகைக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும். அனுப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். டையோடு வழியாக அது வரவில்லை. வோல்டேஜ் சரிந்து பலகை தானாக மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது.

எல்எம்2596 மின்னழுத்த மாற்றியை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து 4.1 வோல்ட்டுக்குத் திருகி வைத்தேன். பலகையின் கால்களுக்கு மிக நெருக்கமாக 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று சால்டர் செய்தேன். கம்பி நீளம் ஒரு சாணுக்குள். அதன்பின் அந்தக் கோளாறு திரும்பவில்லை. மல்டிமீட்டரில் இந்தச் சரிவு தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். அது சராசரியைக் காட்டும், 4.1 என்றே நிற்கும். விளக்கு மின்னும் வேகம்தான் உண்மையைச் சொன்னது.

மோடத்தோடு பேசும் பை 3இன் சீரியல் போர்ட்டிலும் ஒரு சிக்கல். அந்தப் போர்ட்டை இயக்கும் சுற்றுகளில் (யுவார்ட்) நல்ல யுவார்ட்டை ப்ளூடூத்துக்குக் கொடுத்துவிட்டு, சில்லின் கோர் கடிகார வேகத்தோடு ஏறி இறங்கும் சின்ன யுவார்ட்டை நமக்கு விடுகிறது. ப்ளூடூத்தை அணைக்கும் ஓவர்லே வரியைப் போட்டு, கன்சோலையும் நிறுத்தினால் சரியாகிவிடும்.

சிக்னல் அடுத்தது. மோடத்திடம் சிக்னல் வலிமையைக் கேட்கும் சிஎஸ்க்யூ கட்டளை கொடுத்தால் 0 முதல் 31 வரை ஓர் எண் சொல்லும். ஒவ்வொரு படியும் 2 டெசிபெல். பள்ளிக்கூட அறைக்குள் 7, அதாவது மைனஸ் 99 டிபிஎம். 3 மீட்டர் கம்பியோடு வந்த காந்த ஆன்டெனாவை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய்த் தகரக் கூரை மேல் ஒட்டியதும் 13. கூரைத் தகரமே ஆன்டெனாவுக்கு அடியில் தேவையான உலோகத் தளமாகவும் ஆகிவிட்டது. இன்னும் உயரப் போனால் இன்னும் நன்றாக வரும் என்று, கமுகு மரத் தடி ஒன்றை நட்டு, உச்சியில் ஆன்டெனாவை வைத்து, 10 மீட்டர் ஆர்ஜி58 கம்பி இழுத்தோம். 12 தான் வந்தது. 900 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கம்பி மீட்டருக்கு அரை டெசிபெல் தின்கிறது. உயரத்தில் கிடைத்தது அத்தனையும் கம்பியிலேயே போய்விட்டது. தடியை இறக்கிவிட்டுக் கூரைக்கே திரும்பினோம். இதற்கு ஆன செலவை உயரத்தில் போடாமல் நல்ல கம்பியில் போட்டிருக்க வேண்டும்.

கரண்ட். ஊருக்கு டீசல் ஜெனரேட்டர் மின்சாரம், அடிக்கடி போகும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரியில் பாதியைத்தான் நம்பிப் பயன்படுத்தலாம், 42 வாட்-மணி. பையும் மோடமும் சேர்ந்து 3 வாட் அளவில் இழுக்க, ஓர் இரவு முழுக்கத் தாங்கியது. ஆனால் அதையும் தாண்டிக் கரண்ட் வராத நாட்கள் உண்டு. அப்போது பை அணைந்து, திரும்ப எழும்போது தன் கடிகாரத்தை அணைந்த நேரத்திலிருந்து தொடரும், ஏனென்றால் அதற்குள் கடிகாரச் சில்லு கிடையாது. அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டிய பெரிய மெயில்களின் தரவிறக்கம் காலை 9 மணிக்கு, டவர் திணறும் நேரத்தில், ஓடியது. 200 ரூபாய் டிஎஸ்3231 கடிகாரப் பலகை இதைத் தீர்த்தது. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருள்.

பெட்டிக்கு மெயிலை இறக்குவதற்கு ஃபெட்ச்மெயில் என்ற நிரல். பாப்3 என்ற மெயில் வாங்கும் முறையில் தொடங்கினேன், எளிது என்பதால். ஒரு வாரம் கவனித்தபோது ஒரே மெயில்கள் திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தன. பாப்3இல் "இதை அழித்துவிடு" என்று சொன்னதெல்லாம், கடைசியில் முறையாக விடைபெற்றால்தான் நடைமுறைக்கு வரும். பத்து மெயில் வாங்கிவிட்டுப் பதினொன்றாவதில் இணைப்பு அறுந்தால், சர்வரைப் பொறுத்தவரை ஒன்றுமே வாங்கவில்லை. எங்கள் இணைப்பு முறையாக விடைபெற்ற நேரமே குறைவு. ஐமேப்புக்கு மாற்றி, ஒவ்வொரு மெயில் முடிந்ததும் அழிப்பை உறுதிசெய்யும்படி வைத்தேன். அன்றைக்கே மாதத் தரவுச் செலவு பாதிக்குக் கீழே வந்தது.

நீளமான பக்கத்தை ஒரே மெயிலாக அனுப்பாமல் துண்டு துண்டான மெயில்களாக அனுப்பினால்தான் வந்தது வந்ததாக நிற்கும். ஐமேப்புக்கு மாறிய பிறகுதான் அந்தத் துண்டின் அளவைத் தீவிரமாக அளக்க ஆரம்பித்தேன். நல்ல நேரத்தில் நொடிக்கு 2 கேபி. மாலையில் இணைப்பு அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. 100 கேபி மெயிலுக்கு 50 நொடி வேண்டும். அது மாலையில் வந்ததே இல்லை. 50 கேபி பாதிக்குப் பாதி. 20 கேபி பெரும்பாலும் வந்துவிடும், ஆனால் மழை கொட்டும்போது வேகம் இன்னும் இறங்க, அதுவும் தவறும். 8 கேபி தவறியதே இல்லை. ஆனால் ஒவ்வொரு மெயிலின் தலைப்பு வரிகளே 2, 3 கேபி தின்றுவிடுவதால் மூன்றில் ஒரு பங்கு வீண். 15 கேபியில் நிறுத்தினேன். கேம்பல் பேயின் அந்த டவருக்கு அதுதான் சரி. வேறு ஊரில் வேறாக இருக்கும், அளந்துதான் ஆக வேண்டும்.

வெட்டுவதிலும் வரிசை முக்கியம். முதலில் நான் பக்கம் முழுவதையும் சுருக்கி, பிறகு துண்டு போட்டேன். ஏழில் ஒரு துண்டு தவறினால் மற்ற ஆறையும் விரிக்க முடியவில்லை. பிறகு மாற்றினேன். முதலில் பத்தி முடியும் இடத்தில் வெட்டு, பிறகு ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுருக்கு. சுருக்கம் கொஞ்சம் குறையும். ஆனால் நான்காவது வராவிட்டாலும் மூன்று வரை படிக்கலாம், ஐந்திலிருந்து தொடரலாம். பெட்டி விடுபட்ட எண்ணைப் பார்த்துத் தானே "4 வேண்டும்" என்று எழுதிக் கேட்டு வாங்கும். பத்தி முடிவில் வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பைட் கணக்கில் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவிலேயே கத்தி விழுந்து, துண்டின் தலையிலும் வாலிலும் கட்டம் கட்டமாக வரும்.

பிடிஎஃப்களுக்குத் தனி வழி. எழுத்து உள்ளதென்றால் பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் போதும். அரசுச் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். அவற்றை அங்குலத்துக்கு 150 புள்ளி அடர்த்தியில், சாம்பல் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளையாக்கி, ஃபேக்ஸில் பயன்படும் ஜி4 சுருக்கத்தில் போட்டால் ஒரு பக்கம் 20, 25 கேபிக்குள் அடங்கும். முத்திரை மங்கும், எழுத்து தெளிவாக இருக்கும். பழைய இந்தி எழுத்துரு கொண்ட பிடிஎஃப்களை எழுத்தாக எடுத்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வரும். அவற்றையும் படமாகவே அனுப்ப வேண்டியதாயிற்று.

பாதுகாப்பு பற்றி நேராகச் சொல்ல வேண்டியவை உள்ளன. பட்டியலில் இருக்கும் முகவரிகளுக்கு மட்டும் சர்வர் பதில் சொல்லும். "அனுப்புநர்" பெயரைப் போலியாகப் போடுவது எளிது என்பதால் தலைப்பில் ஒரு ரகசியச் சொல்லும் வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் அடுத்த வாரமே யாரோ ஒருவர் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவார். இரண்டாவது, விடுப்பு அறிவிப்புத் தானியங்கிப் பதில்கள். ஓர் ஆசிரியர் மெயின்லேண்ட் போகும்போது தானியங்கிப் பதிலைப் போட்டுவிட்டுப் போனார். சர்வரின் பதிலுக்கு அது பதில் சொல்ல, சர்வர் அதைப் புரியாத கோரிக்கை என்று நினைத்துப் பிழைச் செய்தி அனுப்ப, அதற்கும் அது பதில் சொல்ல, இரவு முழுக்க இரண்டும் பேசிக்கொண்டிருந்தன. "ஆட்டோ-சப்மிட்டட்" என்ற தலைப்பு வரி உள்ள எதற்கும் பதில் சொல்லாதே, நீயும் அந்த வரியோடே அனுப்பு என்ற இரண்டு விதிகள் போதும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். மாணவர்களும் பெற்றோரும் தேர்வு எண், கடவுச்சொல் எல்லாம் எழுதி அனுப்பி "ரிசல்ட் எடுத்துத் தாங்க சார்" என்றார்கள். இந்தப் பெட்டி வழியாகப் போகும் எதையும் நான் படிக்க முடியும். நிரலை எழுதியவன் நான். அதனால் உள்நுழைவு வேண்டிய எந்தப் பக்கத்தையும் திறக்காதபடி வைத்தேன். கேட்டவர்களுக்குக் காரணத்தைச் சொன்னேன். பதிவுகளை ஒரு வாரத்தில் அழிக்கும்படியும் வைத்தேன். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் நம்பிக் கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடக் கூடாது.

ஓட ஆரம்பித்தபின் முறை இப்படி அமைந்தது. யாரும் பகலில் பெட்டியின் வைஃபையில் சேர்ந்து, கே-9 மெயில் செயலியில் முகவரியை எழுதி அனுப்பலாம். பெட்டி மணிக்கு ஒருமுறை சில நொடிகள் மட்டும் டவரைத் தொட்டு, கோரிக்கைகளை வெளியே தள்ளும், 30 கேபிக்கு உட்பட்ட பதில்களை வாங்கிக்கொள்ளும். பெரியவை அதிகாலை 2 முதல் 5 வரை. மாதத் தரவு 70 எம்பியைத் தாண்டியதில்லை.

வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் அதிகம் போகும் என்றுதான் நான் நினைத்தேன். முதலிடம் கப்பல் அட்டவணைக்கு. கப்பல் எப்போது கிளம்பும், தள்ளிப்போனதா, டிக்கெட் கொடுக்கும் நாள் எது என்பதுதான் இந்தத் தீவில் எல்லாருக்கும் முதல் செய்தி. 1969 முதல் இங்கே குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அதில் ஒரு பெரியவர் தினமும் மாலையில் பள்ளி வாசலில் நிற்பார். "தம்பி, கப்பல் நாளைக்குத்தானான்னு உன் பெட்டிகிட்டக் கேட்டுச் சொல்லுப்பா." ஒவ்வொருவரும் அதே பக்கத்தைத் தனித்தனியாகக் கேட்பது வீண் என்று, சர்வரே நாளுக்கு நான்கு முறை அட்டவணையைப் பார்த்து, முந்தையதோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் அனுப்பும்படி எழுதினேன். பெரும்பாலான நாட்களில் ஒரு கேபிக்கும் குறைவு. மாற்றம் இல்லையென்றால் "மாற்றமில்லை" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியும் தேவை. அது வராவிட்டால் மாற்றம் இல்லையா, பெட்டி படுத்துவிட்டதா என்று தெரியாது.

2019 ஜனவரியில் பாபுக் புயல் அந்தமான் கடலுக்குள் வந்தபோது வானிலைத் துறை அறிக்கைகளையும் இதே முறையில் சேர்த்தேன். ஒவ்வோர் அறிக்கையும் 3, 4 கேபி. வந்ததும் அச்சிட்டுப் பள்ளிப் பலகையிலும் படகுத்துறையிலும் ஒட்டினோம். புயல் வலுவிழந்து வடக்கே அந்தமான் பக்கமாகப் போய்விட்டது. 2004 சுனாமியைப் பார்த்த ஊர் இது. கடலைப் பற்றிய செய்தி எழுத்தில் கையில் இருப்பதற்கு இங்கே தனி மதிப்பு உண்டு. நான் இந்த வேலையில் போட்ட மணிநேரங்களெல்லாம் அந்தச் சில நாட்களுக்கே தகும் என்று நினைக்கிறேன்.

செலவுக் கணக்கு. பை 3,100, மெமரி கார்டு 450, சிம்800எல் 380, எல்எம்2596 இரண்டு 160, கடிகாரப் பலகை 200, காந்த ஆன்டெனா 350, பேட்டரி 950, சார்ஜர் 700, டப்பா, கம்பி, கப்பாசிட்டர், சிலிக்கா ஜெல் வகையில் 400. மொத்தம் 6,690 ரூபாய். கமுகுத் தடிக்கும் ஆர்ஜி58க்கும் ஆனதை இதில் சேர்க்கவில்லை. மாதச் செலவு சர்வருக்கு 250, அதோடு சிம் ரீசார்ஜ். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். காற்றில் இருக்கும் உப்பு, திறந்து வைத்த இணைப்பு முனைகளை ஒரு மழைக்காலத்துக்குள் பச்சையாக்கிவிடும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட மற்றத் தீவுகளுக்குமான கடலடி கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் கேம்பல் பேயில் பெட்டிக்கு வேலை மெல்லக் குறைந்தது. ஆனால் அந்தக் கேபிள் இறங்காத தீவுகள் இருக்கின்றன. எங்களோடு இருந்த ஓர் ஆசிரியருக்கு இப்போது அப்படிப்பட்ட தெரேசா தீவில் பணி. அவர் கேட்டதால்தான் இரண்டாவது பெட்டி.

இந்த முறை பை 3பி+க்குப் பதில் பை ஸீரோ டபிள்யூ. வைஃபை உண்டு, பை 3 தின்பதில் பாதி மின்சாரம்கூடத் தின்னாது. அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும். மெமரி கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, மெயில் வரிசையைத் தனி யுஎஸ்பி பென்டிரைவில் வைக்கிறேன். முன்பு கரண்ட் போய்ப் போய்க் கார்டு கெட்டது. பெட்டிக்கும் சர்வருக்கும் இடையில் ஐமேப்பை எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக யுயுசிபி என்ற கோப்பு அனுப்பும் முறையைப் போடுகிறேன். எழுபதுகளில் தொலைபேசிக் கம்பிகளுக்காக எழுதியது, இப்படிப்பட்ட இணைப்புக்கென்றே பிறந்தது. கோப்பு பாதியில் நின்றால் விட்ட பைட்டிலிருந்து தொடரும். மேசையில் வைத்து இணைப்பைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தேன். 200 கேபி கோப்பும் ஒரு பைட் வீணாகாமல் வந்து சேர்ந்தது. அப்படியென்றால் துண்டு போடுவதே தேவையில்லையோ என்றும் தோன்றியது. ஆனாலும் போடுகிறேன். முதல் துண்டு வந்ததும் படிக்க ஆரம்பிக்கலாமே.

பெட்டி அடுத்த கப்பலில் போகிறது. போனதும் கூரை மேல் ஆன்டெனாவை வைத்து, காலை, மாலை, மழை நேரம் என்று மூன்று வேளையும் சிஎஸ்க்யூ எண்ணைக் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பத்துக்கு மேலே வந்தால் 15 கேபியிலேயே தொடங்குவோம். கீழே என்றால் 8.